அரங்கநாயகியின் வீட்டுக்கு வந்தவர்கள்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. அப்பா கடையிலிருந்து சாப்பிட வந்திருந்த நேரம். கையைக்கூடக் கழுவாமல், "என்ன எழுதியிருக்கான்? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். உடம்பு நன்றாக இருக்கிறது, புத்தகம்தான் விற்கவில்லையாம் என்றேன். "அவ்வளவுதானே" என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நீ கோபித்துக்கொள்ளாதே. விற்காத புத்தகங்களோடு பல வருஷம் குடித்தனம் நடத்தியவர் அவர். நம் அம்மா மண்டபம் சாலை வீட்டில் இடம் போதாமல், புத்தகக் கட்டுகளை வரிசையாக அடுக்கி, மேலே மெத்தை விரித்து உன்னைத் தூங்கவைத்திருக்கிறார். ஒரு புத்தகம் விற்காமல் கிடப்பது அவருக்கு ஒரு கவலையாகவே தோன்றுவதில்லை.

எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. நாவல் வெளிவந்து நாலு மாதம் ஆகிறது, ஒரு பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை, கடைக்காரர்கள் கட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுக்கிறார்கள், கூட இருக்கும் பையன் தினமும் அதில் கால் இடித்துக்கொண்டு உன்னைத் திட்டுகிறான், எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு இனி பேனாவைத் தொடப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். திருவல்லிக்கேணியில் அந்தச் சின்ன அறையில் நீ உட்கார்ந்து இதை எழுதியதை நினைத்தால், உடனே ரயிலேறி வந்து உன் தலையில் எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் போலிருக்கிறது. வர முடியாததால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. நான் கதை எழுதியவள் என்பது உனக்குத் தெரியும். அதை யார், எப்படிப் படிக்க ஆரம்பித்தார்கள் என்பதை நான் உனக்குச் சொன்னதே இல்லை.

நான் எட்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி வந்தபோது அப்பா மலைக்கோட்டைக்குக் கீழே, பெரிய கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருந்தார். பெண்கள் அவரிடம் அளவு கொடுக்கக் கூச்சப்படுவார்கள். பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொண்டுவருவார்கள். அது இல்லாதவர்களுக்குக் கடையின் பின்கட்டில் வைத்து நான் அளவெடுப்பேன். கொக்கி வைப்பதும் காஜா எடுப்பதும் என் வேலை. ஓய்ந்த நேரத்தில், துணி வெட்டுவதற்காக அப்பா வாங்கிவைத்திருக்கும் பழுப்புக் காகிதத்தில் எழுதுவேன். அப்படி எழுதியதுதான் 'அரங்கநாயகியின் வீடு'. கொள்ளிடக் கரையில் ஒரு வாடகை வீடு. புருஷன் பர்மாவுக்குப் போனவன் திரும்பவில்லை. ஒரே பிள்ளை. மாமியார் துரத்துகிறாள், அண்ணன் கூப்பிடுகிறான். இவள் அந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று நிற்கிறாள். கடைசியில் பிள்ளை காய்ச்சலில் போய்விடுகிறது. மறுநாள் காலை அவள் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள். அவ்வளவுதான் கதை. பெரிய பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். பிரித்த அடையாளம்கூட இல்லாமல் திரும்பி வந்தது. அப்பாதான், "நாமே போட்டா என்ன?" என்றார். பாலக்கரையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு சின்ன அச்சகத்தில் கொடுத்து அடித்தோம். ஒரு நாள் சாயங்காலம் ஜட்கா வண்டியில் புத்தகங்கள் வந்து இறங்கின. அன்றைக்கு நான் சமைக்கவே இல்லை. ஆளுக்கு ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீ இன்று செய்வதையெல்லாம் நானும் செய்தேன். முதலில் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன். லால்குடியில் உன் பெரியத்தை, "அந்த முடிவு இருக்கே, அழுதுட்டேன் போ" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த முறை போனபோது அந்தப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். பைண்டர் ஓரம் வெட்டாமல் விட்டுவிட்ட பிரதி அது. பாதிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டே இருந்தன, யாரும் பிரித்திருக்கவில்லை. அத்தையின் மேல் எனக்கு வருத்தமில்லை. என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்தாள், அது பிரியம். ஆனால் நம்மேல் பிரியம் வைத்தவர்கள் எல்லாரும் நம் வாசகர்கள் இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். உன் ஆபீஸ் நண்பர்களுக்கு நீ கொடுத்த பிரதிகளைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்புறம் வந்தது வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் அத்தனை ஊர் ஜனமும் கூடுகிறதே, அங்கே விற்காவிட்டால் எங்கே விற்கும் என்று அப்பாவுக்கு ஒரு யோசனை. ஒரு பழைய வேட்டியைத் தெருவோரம் விரித்து, புத்தகங்களை அடுக்கி, "அரங்கநாயகியின் வீடு! அரங்கநாயகியின் வீடு!" என்று பாத்திரக்காரர் மாதிரிக் கூவ ஆரம்பித்தார். மகனே, என்ன விற்பனை என்கிறாய்! கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, தமிழ்நாடே என்னைக் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலை மணப்பாறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நெற்றி நிறைய நாமத்தோடு வந்து நின்றார். "ஏங்க, அரங்கநாயகித் தாயார் சரித்திரம்னு வாங்கிட்டுப் போனேன். பதினோராம் பக்கத்துல தாயார் மாமியார்கிட்ட அடி வாங்குறாளே, இது எந்தப் புராணத்துலங்க இருக்கு?" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அவருக்குப் பின்னாலும் சிலர் கையில் புத்தகத்தோடு நின்றார்கள். எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேட்டியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். ஒன்றை வேறொன்றாக நினைத்து வாங்குகிறவன் கையில் நம் புத்தகம் இருந்தாலும் அது விற்காத புத்தகம்தான். உன் நாவலின் அட்டையில் துப்பாக்கிப் படம் போட்டால் விற்கும் என்று அச்சகக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். போடாமல் விட்டாய் பார், அதுதான் என் பிள்ளை.

அதற்குப் பிறகு புத்தகத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன். ஒரே ஒரு பிரதி மட்டும் கடையில் தையல் மிஷின் பக்கத்தில் கிடந்தது. ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அருளம்மாள் அவசரமாக ஒரு ரவிக்கை வேண்டும் என்று வந்து உட்கார்ந்தார். கொக்கி மட்டும்தான் பாக்கி. காத்திருக்கும் நேரத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்தார். நான் கொக்கி வைத்து முடித்து நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படித்துக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்கு நேரமாகவில்லையா என்று கேட்டேன். திடுக்கிட்டு எழுந்தவர், "இதை எடுத்துட்டுப் போயிட்டுக் கொண்டாந்து தரட்டுமா?" என்றார். எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, தைக்க எதுவும் இல்லாமலே வந்தார். "அந்தப் புத்தகத்தை வார்டுல படிச்சுக் காட்டினேங்க. பிரசவ வார்டுல மத்தியானம் படுத்துப் படுத்து அலுத்துப்போய்க் கெடக்குதுங்க எல்லாம். ஒருத்தி கேட்டா, அப்புறம் பக்கத்துக் கட்டில்காரியும் காது கொடுத்தா. இப்ப நான் வார்டுக்குள்ள நுழைஞ்சாலே, 'அரங்கநாயகி என்ன ஆனா'ன்னுதான் கேக்குறாங்க" என்றார். அப்போதுதான், அது நான் எழுதியது என்று சொன்னேன். அருளம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்த மாமியாரைக் கொஞ்சம் சீக்கிரம் சாகடிச்சிருக்கலாம்" என்றார்.

அன்றுதான் எனக்கு விற்கிற ஆசை போய் இரவல் கொடுக்கிற ஆசை வந்தது. அப்பா மறுத்துப் பார்த்தார். "விக்கறதுக்கு அச்சடிச்சதை இரவல் குடுத்தா வெளங்குமா?" என்றார். ஆனால் சொல்லிவிட்டு, வெட்டி மிஞ்சிய பூப்போட்ட சீட்டித் துணியில் புத்தகங்களுக்கு உறை தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். ரவிக்கை வாங்க வருகிறவர்களில் வாசிக்கிற கை யாருடையது என்று பார்த்துக் கொடுப்பேன். பூப்போட்ட புத்தகம் என்று பேர் ஆகிவிட்டது. உறையூருக்குப் போனது, கருமண்டபத்துக்குப் போனது. ஒவ்வொன்றும் மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையுமாகத் திரும்பி வரும்போது, நான் அந்தக் கறை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். அடுப்படியிலும் கீழே வைக்க முடியாத இடம் எது என்று அது சொல்லும்.

இப்போது நான் சொல்ல வந்தது. நல்ல வெயில் காலம். கடையில் முகூர்த்த ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. ஒரு கிராமத்து ஆள் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசலில் தயங்கித் தயங்கி நின்றார். அப்பா என்னவென்று கேட்டார்.

"அரங்கநாயகி புள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சே, அப்புறம் என்னங்க ஆச்சு?"

"எந்த அரங்கநாயகிங்க?" என்றார் அப்பா, யாரோ வாடிக்கைக்காரர் வீட்டுக் குழந்தை என்று நினைத்து.

பின்கட்டிலிருந்த எனக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்தேன். அவர் பெயர் பெரியண்ணன். திருவெள்ளறையில் விவசாயம். அவர் மனைவி பங்கயம் பிரசவத்துக்கு வந்து அருளம்மாளின் வார்டில் இருந்தவள். கதை பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் இடத்தில் நிற்கும்போது அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "வீட்டுக்கு வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசலைங்க. சோறு வேணாம், தண்ணி வேணாம், செவுத்தைப் பாத்துப் படுத்துக் கெடக்கு. நேத்துதான் வாயத் தொறந்துச்சு. தொறந்து இதைக் கேக்குது. நான் எங்கங்க போவேன்? நர்ஸம்மாகிட்டப் போனேன், அவங்க என் வாயால சொல்ல வராதுன்னு இந்தக் கடையைச் சொன்னாங்க" என்றார்.

"குழந்தை எப்படி இருக்குங்க?" என்று கேட்டேன்.

"தங்கலைங்க" என்றார். தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முடிவைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "எனக்குச் சொன்னா நான் போய் ஒழுங்காச் சொல்லமாட்டேங்க. எனக்கும் படிப்பு இல்ல, அதுக்கும் இல்ல. நீங்க ஒரு நடை வந்து படிச்சுட்டுப் போயிட மாட்டீங்களா?" என்றார். அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். குவிந்து கிடந்த துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போயிட்டு வா. சாயங்காலப் பஸ்ஸுல வந்துடு" என்றார்.

உன்னையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு துறையூர் பஸ்ஸில் ஏறினேன். உனக்கு அப்போது நாலு வயது இருக்கும். கொள்ளிடத்துப் பாலத்தில் தண்ணீரைக் காட்டச் சொல்லி அடம் பிடித்தாய். ஆற்றில் மணல்தான் இருந்தது. மண்ணச்சநல்லூரில் நெல் அவிக்கும் வாசனை வந்ததும் பசிக்கிறது என்றாய். எனக்கோ உன்மேல் கவனமே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுக் கிடக்கிறவளிடம் போய், கதையிலும் பிள்ளை செத்துப்போச்சு என்று எப்படிப் படிப்பேன்? திருவெள்ளறையில் மொட்டைக் கோபுரம் தெரியும்போது முடிவு செய்துவிட்டேன். மாற்றிச் சொல்லிவிடுவது. எழுதியவள் நான், எனக்கில்லாத உரிமையா?

பங்கயம் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தாள். சின்னப் பெண். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. குடிக்கப் பிள்ளையில்லாமல் பால் கட்டிக் கசிந்துகொண்டிருந்தது. ரவிக்கை தைத்தே பழகிய என் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. உன்னைப் பெரியண்ணன் வெளியே கூட்டிக்கொண்டுபோய் நுங்கு சீவிக் கொடுத்தார். நல்லவேளை. உன்னை மடியில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் நான் உட்கார்ந்திருக்க முடியாது.

கடைசி அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். காய்ச்சல் ஏறுகிறது, ஒரு வைத்தியரை வரவழைத்தேன், மருந்து கொடுக்கவைத்தேன், விடியும்போது பிள்ளைக்கு வேர்க்கிறது, கண்ணைத் திறந்து கஞ்சி கேட்கிறது. நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"பக்கத்தைத் திருப்பவே இல்லையே நீங்க" என்றாள் பங்கயம்.

குனிந்து பார்த்தேன்; ஆரம்பித்த பக்கமே விரிந்து கிடந்தது.

"நர்ஸம்மா படிக்கறப்ப அடிக்கடி திருப்புவாங்க" என்றாள். புத்தகத்தைப் பார்த்தபடியே, "புள்ள செத்துப்போச்சுல்ல?" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்ப அதைப் படிங்க. எனக்காக மாத்த வேணாம்."

படித்தேன். இந்த முறை பக்கங்களைத் திருப்பித்தான் படித்தேன். எழுதும்போது நான் அழகாக எழுதியிருக்கிறேன் என்று பெருமைப்பட்ட சில வரிகள் அந்த வீட்டில் வாயில் நுழையவே இல்லை; தாண்டிவிட்டேன். மற்றதை உள்ளபடி படித்தேன். பிள்ளையை எடுத்துப் போகிறார்கள். அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூப்பிடுகிறான். அவள் போகவில்லை. மறுநாள் வாசலில் கோலம் போடுகிறாள். புத்தகத்தை மூடினேன். பங்கயம் அழவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மறுநாளே கோலம் போட்டாளா? கை வந்துச்சா அவளுக்கு?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. நான் அதை யோசித்ததே இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் தானாக வந்தது. "வந்துச்சும்மா. கோணலா வந்துச்சு" என்றேன்.

"அப்படித்தான் வரும்" என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பிள்ளை போனதிலிருந்து அவள் அழவே இல்லையாம். பெரியண்ணன் அப்புறம் சொன்னார். அழுகைச் சத்தம் கேட்டு அவர் உள்ளே ஓடிவந்தார். பார்த்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து தானும் அழுதார். நீ நுங்குச் சாறு வழிய வழிய வந்து எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாய். சாயங்காலம் அவள் ஒரு தம்ளர் கஞ்சி குடித்தாள். குடித்துவிட்டு, "ஆஸ்பத்திரியில நான் சேர்றதுக்கு முன்னாடியே கதை ஆரம்பிச்சுட்டாங்க. முன்னாடி என்ன நடந்துச்சு?" என்றாள்.

அதற்காகத்தான் மறுபடி போனேன். இரண்டாவது தடவை அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். மூன்றாவது தடவை, வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களும் வந்திருந்தார்கள். முடிந்தபோது அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டார்கள். யாருக்குமே படிக்கத் தெரியாதே என்றேன். "தபால்காரர் வருவாருல்ல, மணியார்டர் இல்லாத நாள்ல படிக்கட்டும்" என்றாள் ஒருத்தி. அந்தத் தபால்காரர் மண்ணச்சநல்லூரில் தன் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கடையைத் தேடி வந்தார்கள். வார்டில் கதை கேட்டுவிட்டு முசிறிக்கும் குளித்தலைக்கும் போனவர்கள், யாரையாவது பிடித்துப் புத்தகம் கேட்டுக் கடிதம் எழுதவைத்தார்கள். அப்பா ரவிக்கைக்கு அளவு எழுதும் நேரத்தைவிடப் புத்தகத்துக்கு விலாசம் எழுதும் நேரம் அதிகமாகிவிட்டது என்று முணுமுணுத்தார். உன் மெத்தை மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கியது. இரண்டாம் பதிப்பில் 'கோணலாக' என்ற வார்த்தையைச் சேர்த்தேன். இரண்டாவது நாவலை எழுதும்போது, அது அச்சுக்குப் போவதற்கு முன்பே கடைக்கு வந்து, "எப்பங்க வரும்?" என்று கேட்கிறவர்கள் இருந்தார்கள். பத்திரிகைகள் இன்று வரை என்னைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஜில்லாவைத் தாண்டி என் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் என் புத்தகம் ஒன்றுகூட நம் வீட்டில் மிச்சமில்லை.

நீ கேட்கலாம், சென்னைப் பட்டணத்தில் தையல் கடையும் பிரசவ வார்டும் எனக்கு எங்கே என்று. தேடு. நீ சாப்பிடும் மெஸ்ஸில் பரிமாறுகிறவர் இருக்கிறார், மாடிப்படியில் உட்கார்ந்து பழைய பத்திரிகை படிக்கும் வீட்டுக்காரர் பெண் இருக்கிறாள். ஒன்றைக் கொடு, விற்காதே. கொடுத்த பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்காதே. எந்த இடம் வரை வந்தீர்கள் என்று கேள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உன் விலாசத்தைக் கையாலாவது எழுதிவை. விமர்சனத்துக்கு அனுப்பிவிட்டுத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. ஒருத்தர் படித்து, இன்னொருத்தரிடம் சொல்லி, அவர் உன்னைத் தேடி வர நாளாகும். அதுவரை அடுத்ததை எழுது.

உன் நாவலை நான் இரண்டு முறை படித்துவிட்டேன். அம்மா என்பதால் சொல்கிறேன் என்று நினைக்காதே. அத்தையைப் போல் பொய் சொல்ல எனக்கு வராது. முதல் நாலு அத்தியாயம் இழுக்கிறது. அந்த வக்கீல் பேசுகிற பேச்சு யாருக்கு வேண்டும்? ஆனால் வசந்தா தன் கல்யாணத்துக்குச் சென்னை போகும் ரயிலிலிருந்து விருத்தாசலத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறாளே, அந்த இடத்தில் நான் அடுப்பில் பாலை மறந்துவிட்டேன். அப்பாவிடம் திட்டு வாங்கினேன். என் பிரதி இப்போது என்னிடம் இல்லை. பொன்மலையிலிருந்து ஒரு ரயில்வே கார்டின் மனைவி ரவிக்கை தைக்க வருவாள், அவளுக்குக் கொடுத்தேன். நீ என் மகன் என்று அப்போது சொல்லவில்லை. முந்தாநாள் வந்தாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அளவு கொடுக்கக்கூட எழுந்திருக்காமல், "ஏங்க, அந்தப் பொண்ணு ஏன் விருத்தாசலத்துல எறங்கினா? மனசு மாறிடுச்சா, இல்ல முன்னாடியே நெனச்சு வச்சிருந்தாளா? எங்க வீட்டுக்காரர் மனசு மாறிடுச்சுங்கறார். நான் இல்லைங்கறேன். ரெண்டு நாளா எங்களுக்குள்ள சண்டை" என்றாள்.

எழுதியது என் மகன்தான், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை ரவிக்கை வாங்க வருவாள். என்ன சொல்லட்டும் என்று உடனே எழுது.

பிரியத்துடன்,
அம்மா